கெபிக் கொடியும் உன் பழைய கம்ப்யூட்டரும்

என் செல்ல ஜெசிந்தா அக்காவுக்கு,

எம்பிராய்டரி மெஷின் ஓடுகிறது, அக்கா. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நீலத் துணியில் இப்போது மாதாவின் நட்சத்திரம் விழுந்துகொண்டிருக்கிறது. மேசை ஆடுகிறது, எழுத்து கோணலாக வந்தால் திட்டாதே.

நீ போன பிறகும் கடையில் உன் கம்ப்யூட்டரை நாங்கள் அணைக்கவில்லை. உன் பெயரில் திறந்தபடியே கிடந்தது, அதிலேயே பிளவுஸ் வேலையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனோம். போன வாரம் கரண்ட் போய் வந்தபோது அது கேட்டது. யாருக்குத் தெரியும்? திரையில் உன் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்ததால் அதை அழுத்தினேன், திறந்தது. ஆனால் கரண்ட் போன வேகத்தில் எம்பிராய்டரி சாஃப்ட்வேர் கெட்டுப்போயிருந்தது. மறுபடி ஏற்றினால்தான் உண்டு.

இந்த ஞாயிறு நம் தெரு மாதா கெபியில் திருவிழாக் கொடியேற்றம். வருடாவருடம் நீ தைத்துக் கொடுத்தது, இது நீ இல்லாத முதல் கொடி. அத்தான் பயந்துவிட்டார்.

"ஏளா ஸ்டெல்லா, கொடிய மதுரைல குடுத்து அடிச்சிருவோம். இந்தக் கெழட்டுப் பெட்டிய நம்பி எறங்காத" என்றார்.

மதுரையிலிருந்து ஏதோ ஒரு மாதா வரும். நீ வரைந்த மாதா, காலடியில் நங்கூரத்தோடு நிற்கிறவள், வரமாட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புது லேப்டாப்பில் ஏற்றலாம் என்றால், மெஷினின் பழைய கேபிளைச் சொருக அதில் இடமே கிடையாது.

பழைய கம்ப்யூட்டரிலேயே சாஃப்ட்வேர் சிடியைப் போட்டேன். பாதி ஓடிவிட்டு, அனுமதி இல்லை, அட்மினைத் தொடர்புகொள்ளவும் என்று நின்றது. அட்மின் நீதானே? உன்னை எந்த நம்பரில் கூப்பிட? கோபத்தில் மவுஸை மேசையில் அறைந்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் காயல்பட்டினத்திலிருக்கும் உன் சிநேகிதி பாத்திமா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சும்மா தட்டித் தொறக்காத. அது மேல ரைட் கிளிக் பண்ணி, அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டுன்னு இருக்கும் பாரு, அதக் குடு. பாஸ்வேர்டு கேக்குதா?"

"இல்லக்கா. ஆமாவா இல்லையான்னு மட்டுந்தான் கேக்குது."

"அப்ப நீயும் அட்மின்தாம். ஒங்க அக்கா ஒனக்கு அப்பவே உரிமை குடுத்து வச்சிருக்கா."

ஏன் அக்கா நீ என்னிடம் சொல்லவில்லை? இத்தனை வருடம் நூல் மாற்றுவதற்குக்கூட உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேனே.

ஆமாம் என்று அழுத்தினேன், சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. ஆனால் உன் டிசைன்கள் இருக்கும் ஃபோல்டர் திறக்க மறுத்தது. அதற்கு ஓனர் என்று உன் பெயர் இருந்தது. அதை மாற்றி என் பெயரைப் போடச் சொன்னாள் பாத்திமா அக்கா. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கரண்ட் பில்லில், ரேஷன் கார்டில், கடைப் பலகையில் என்று எல்லா இடத்திலும் உன் பெயரை எடுத்தாயிற்று. இங்கேயும் நானே எடுக்கவா?

பின்னால் நின்ற அத்தான்தான், "போடும்மா. கொடி ஏறணும்லா" என்றார்.

போட்டேன். திறந்தது. மாதா, நங்கூரம், நட்சத்திரம், எல்லாம் பத்திரமாக இருந்தன. அத்தான் வாசலுக்குப் போய்விட்டார்.

"பாத்திமாக்கா, ஓனரா திரும்ப அவ பேரையே போடலாமா?"

"தாராளமாப் போடு. அனுமதிப் பட்டியல்ல ஒன் பேரயும் சேத்துட்டாப் போதும், எப்பவும் தொறக்கும்."

அப்படியே செய்துவிட்டேன் அக்கா. ஓனர், ஜெசிந்தா. அனுமதிப் பட்டியலில் உன்னோடு நானும், முழு உரிமையோடு.

ஞாயிற்றுக்கிழமை உன் மாதாதான் மேலே ஏறுவாள். இனி ஒவ்வொரு வருடமும் கொடி இந்தப் பெட்டியிலிருந்தே போகும், உன் பெயர் அதில் அப்படியே இருக்கும். இது சத்தியம்.

மெஷின் நின்று கத்துகிறது. வெள்ளை நூல் தீர்ந்திருக்கும். உன்னைக் கேட்காமலே மாற்றப் போகிறேன்.

உன் பெயருக்குக் கீழேயே இருக்கும்
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா