எண்ணெய் கலக்காத பெட்ரோல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கோபித்துக்கொண்டு மெட்ராஸ் போய் இரண்டு வருடம் கழித்துக் கடிதம் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஏரியில் மீன் பிடிக்க நைனா வாங்கிய மோட்டார் படகைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க, நேற்று சதுரங்கப்பட்டினத்து மெக்கானிக் வந்தார். பலகை தேறும் என்றார். மோட்டாரைப் பிரித்ததும் சிரித்தார்.

"இன்னா பெரியவரே, பெட்ரோல்ல ஆயில் கலக்காமயே ஓட்டிக்கினு இருந்தீங்களா? பிஸ்டன் கவ்விக்கினு கீது."

"எல்லாம் எம்புள்ள பண்ண வேல" என்றார் நைனா.

அன்று மோட்டாரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் மட்டும் போதும் என்று உன்னிடம் சொன்னவள் நான். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. பி.ஏ. படித்தவள், புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். மோட்டார் நின்றுபோனதற்கு நைனா உன்னை அடித்தபோதுகூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"படிச்ச பொண்ணு நீ சொல்லும்மா, ரிப்பேர் பண்லாமா?" என்று நைனா கேட்டார். புது பிஸ்டன் போட்டால் ஓடும் என்று மெக்கானிக் சொல்லியும், "பழைய இரும்புக்குப் போட்டுடலாம் நைனா" என்றேன். மோட்டார் போனால் அந்தப் பேச்சும் போய்விடும் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வியாபாரி வருகிறான். அதற்குள் நைனாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல எனக்கு வாய் வராது. வியாழக்கிழமை வந்து கூட இருப்பாயா?

உன் தங்கை