ஆச்சி பெயரை மறைத்த படம்

14-6-99, திங்கள்
காலையிலேயே வெயில். கம்ப்யூட்டர் சென்டரில் ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. நெற்குப்பையில் ஒரு ஆச்சியின் வீட்டை வாடகைக்கு விடுவதற்கான வெப் பக்கம் ஒருவழியாக முடிந்தது. அடியில் வீட்டின் பெரிய படம், அதன்மேல் "உரிமையாளர்: விசாலாட்சி ஆச்சி", போன் நம்பர். ஒன்றின்மேல் ஒன்று வரும்போது எது மேலே தெரியும், எது அடியில் மறையும் என்று சொல்வது இசட்-இன்டெக்ஸ் எண்; பெரிய எண் மேலே. படத்துக்கு 1, பெயருக்கு 5. சென்டர் முதலாளி சாருக்குப் பிடித்திருந்தது.
வாங்க: பிரிண்டர் ரிப்பன், பிளாப்பி, அம்மாவுக்குத் தைலம்.

16-6, புதன்
ஆச்சியின் மகன் சிங்கப்பூரிலிருந்து போன். "அம்மா பேரையே காணோம், வெறும் வீடுதான் தெரியுது. யாரு எடுத்தீக?"
வீட்டுக்காக ஆச்சிக்கும் அவர் கொழுந்தனாருக்கும் தகராறு. ஊருக்கே தெரியும். என் ஃபைலைத் தொடக்கூடிய ஒரே ஆள் பக்கத்து நாற்காலி துரைராஜ். ஞாயிறன்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்தக் கொழுந்தனாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கண்ணால் பார்த்தேன். இன்று நான் உள்ளே வந்ததும் திரையில் எதையோ சட்டென்று மூடினான். ஏன்?

17-6, வியாழன்
துரைராஜைக் கொழுந்தனாரோடு பார்த்ததைச் சாரிடம் சொல்லிவிட்டேன்.
துரைராஜ்: "அவுக மகன் என்கூடப் படிச்சவன் சார். எதிர்ல பாத்தா பேசாம போவேனா?"
சார்: "பையை எடுத்துட்டுக் கெளம்பு."
என் பக்கம் திரும்பாமலே போனான். தலைவலி. இரவு சாப்பிடவில்லை.

18-6, வெள்ளி
பெயரைத் திரும்பப் போடலாம் என்று ஃபைலைத் திறந்தால், பெயர் அங்கேயே இருக்கிறது! 5-ம் இருக்கிறது. ஆனால் படத்துக்கு அடியில். ஒரு மணி நேரம் தேடினேன். பெயர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் பொசிஷன் வரி இல்லை. அது இல்லாமல் 5 என்ன, 500 போட்டாலும் செல்லாது.
எடுத்தது நான்தான். செவ்வாய் மாலை. பெயர் கோணலாக நிற்கிறதென்று அந்த வரியை நீக்கி, சரிபார்க்காமல் ஏற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.
சாரிடம் சொன்னேன். அவர்: "அவன்கிட்டயும் நீயே போய்ச் சொல்லு."

19-6, சனி
கல்லலில் துரைராஜ் வீடு.
"தப்பு என்னுது, துரைராஜ். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."
"ரெண்டு வருசமா பக்கத்துல உக்காந்திருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"
அவன் அம்மா காபி கொடுத்து, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார்கள். அவர்களிடம் அவன் எதுவும் சொல்லவில்லை போல. புதனன்று எதை மூடினான் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இன்னுமா சந்தேகம் எனக்கு?

21-6, திங்கள்
மேகமூட்டம். துரைராஜ் வந்துவிட்டான். சார் போன் செய்து கூப்பிட்டாராம். "வாங்க" என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். கம்ப்யூட்டரைப் போட்டான். பாஸ்வேர்டு வைத்தான். இதுவரை அவன் மெஷினுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடித்தான்.