அப்பாவின் கல்

லாஷப்பல், பாரிஸ்

அன்பு மகள் பிரியதர்சினிக்கு,

மாதாவின் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மருமகன் யூலியனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு எழுதுகிறேன். போனில் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அழுகை வந்து பாதியில் நின்றுவிடுகிறது, அதுதான் கடிதம்.

கல்லறைக் கல் விசயமாக நீ சொன்னது மனதை நோகப்பண்ணிவிட்டது பிள்ளை. மினுங்குகிற கறுப்புக் கல், பொன் எழுத்து, மேலே படம், இங்கே எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தானே வைக்கிறோம். அப்பாவை அடக்கின உன் ஊர்க் கோயிலின் பெண் குருவானவர் சுசான், அதற்கு உத்தரவு இல்லை, மினுக்காத ஊர்க் கல்தான், படமும் கூடாது என்கிறா என்றாய். அதைக் கேட்ட கீழ்வீட்டுச் சிசிலியா அக்கா, "வேற சபைக்காரற்றை கோயில் வளவுக்குள்ளை ஏனடி அவரை விட்டு வைச்சிருக்கிறாய், தோண்டி எடுப்பிச்சு இஞ்சை கொண்டு வா" என்றா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, கிட்ட இருந்தால் நினைத்தவுடன் போய் மெழுகுதிரி கொளுத்தலாம்.

ஆனால் ஞாயிறு பூசையில் உன் ஊர்க் கோயில்தான் கண்ணுக்குள் நின்றது. அடக்கம் முடிந்த அடுத்த நாள் சுசான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட, நீ எனக்குத் தமிழில் சொன்னாயே. ஒரு பக்கத் தூண்களுக்கு மேல் வட்ட வளைவு, அது ஆகப் பழையது, மற்றப் பக்கம் கூர் வளைவு, அது பிறகு வந்த சனம் கட்டினது. கோபுரம் குட்டை, கொள்ளைநோயில் கொத்தர்மார் செத்துப்போக அப்படியே நின்றதாம். வாசலுக்கு நேரே சுவரில் புனித கிறிஸ்தோப்பர், தோளில் பாலனோடு ஆற்றைக் கடக்கிறார். இங்கிலீசு ராசா வேதம் மாற்றின காலத்தில் சுண்ணாம்பு பூசி மறைத்தார்களாம், பின்னாளில் சுரண்ட வெளியே வந்தாராம். அப்ப அது முந்தி எங்கள் கத்தோலிக்கக் கோயில்தானே. அவரைப் பார்த்தவனுக்கு அன்றைக்குக் கெட்ட சாவு வராது என்று பழைய ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்களாம். உன்னிடம் வந்து நின்ற அப்பாவும் சாகிற அன்று காலமை உன்னோடு நடக்கப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்துதான், பின்னேரம் கதிரையில் சாய்ந்தபடி நோகாமல் போனார்.

சுசான் சொன்ன இன்னொன்றும் நினைவில் நிற்கிறது. இந்த ஊருக்குள் உயிர் விட்டவர் எந்தச் சபையானாலும் இந்த வளவில் அவருக்கு உரிமை உண்டு, ஒருவரிடமும் கெஞ்சத் தேவையில்லை என்றாவே. அங்கே கல்லெல்லாம் கோயில் சுவரின் நிறம், பாசி பிடித்துச் சரிந்து நிற்கிறது. அதற்குள் ஒரு கறுப்புக் கல் மினுங்குவதை நினைத்துப் பார்த்தேன். இந்த நாட்டில் இறங்கின நாள் தொட்டு அப்பாவை எல்லாரும் நீ எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள், பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்த பிறகும் கேட்டார்கள். செத்தும் அந்தக் கேள்விக்கு முன்னால் அவரை நிறுத்த எனக்கு மனமில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும், ஊர்க் கல்லே வை. நான் இங்கே கல்லுக்கடையில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சிசிலியா அக்கா முறைப்பா, முறைக்கட்டும். அப்பாவின் பெயரை மடுத்தீன் என்று தமிழில் வெட்ட விடுவார்களோ என்று மட்டும் மரியாதையாகக் கேட்டுப் பார், இல்லை என்றால் சண்டை பிடிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. மாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அந்தக் குழி எங்கள் இரண்டு பேருக்கும் காணுமளவு ஆழம் என்று சுசான் சொன்னவ, ஆனபடியால் கல்லின் கீழ்ப்பாதியில் ஒன்றும் வெட்டாமல் விடச் சொல்லு.

உன் அம்மா,
அற்புதமலர்