குழந்தையின் தொண்டையை விட்டு இறங்கு, தம்பி

என் பிரியமுள்ள தம்பிக்கு,

இந்த வருஷம் உன் நினைவு நாளுக்குக் கண்ணீர் வரிகளை அச்சடித்துப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதம் வரட்டும். குழந்தை குறட்டை விட்டால் கூடி நின்று சிரிக்கிற வீடுகளில் படிக்கட்டும்.

உன் மேல் எனக்குக் கோபம். செத்தவன் மேல் கோபப்படலாமா என்று உன் மனைவி கேட்டாள். செத்தவனைக் குழந்தையின் மேல் ஏற்றி வைக்கலாமா என்று நான் கேட்டேன்.

நீ போன மறு வருஷம் உன் மகன் செல்வராசுக்குப் பெண் பிறந்தது. கீதா என்று பெயர் வைத்தார்கள். ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தூக்கத்தில் அவள் குறட்டை விடத் தொடங்கியதும், நீயே திரும்பி வந்துவிட்டாய் என்று மல்லசமுத்திரம் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அன்று முதல் அவளுக்கு 'அப்பாரு' என்று பெயர். பாவாடை கட்டிய தாத்தா! ஆழ்துளைக் கிணறு போடும் உன் ரிக் வண்டி ஆட்கள்கூட ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, முதலாளி கம்ப்ரசரைப் போட்டுவிட்டார் என்று சிரித்துக்கொண்டே போவார்களாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெஞ்சிலேயே தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள். அப்பாரும் உட்கார்ந்தபடியே தூங்குவாரே என்றார்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தாள். நீயும் அப்படித்தானாம். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். அதுவும் உன் குணமாம். இத்தனை வயதில் படுக்கையை நனைப்பதற்கு மட்டும் உன் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்கு அவளைப் பெற்ற சரசுவின் வளர்ப்பு சரியில்லை என்றார்கள். எவ்வளவு வசதியான நியாயம், பார்த்தாயா?

நான் சேலத்திலிருந்து போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஓடியும் தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுத்திருந்தாள். குறட்டை திடீரென்று நின்றது. அப்பாடா, சத்தம் ஓய்ந்தது என்று உன் மனைவி வெற்றிலையை எடுத்தாள். நான் குனிந்து பார்த்தேன். மூச்சை இழுக்க மார்பு பாடுபடுகிறது, விலாவுக்கு நடுவே தோல் குழிகிறது. மூக்கின் முன்னே புறங்கையை வைத்தேன். காற்றே இல்லை. பிறகு ஒரு திணறல். உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடியும் குறட்டை.

செல்வராசைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேசாதே, கையை வைத்துப் பார் என்றேன். அடுத்த முறை நின்றபோது அவன் முகம் மாறியது. ஆனாலும் உன் பிள்ளை அல்லவா?

"அப்பாவும் இப்படித்தானுங்களே அத்தை படுத்திருப்பாரு?"

"உங்கப்பன் எப்படிச் செத்தான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தூக்கத்திலேயே போன புண்ணியவான் என்று உன்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தவன் அவன். நீயும் இப்படி மூச்சு நின்றுதான் போனாயா? எனக்குத் தெரியாது. உன்னை யாரும் ஒரு டாக்டரிடம் காட்டவில்லை. நீயும் போகவில்லை.

அப்போதுதான் கதவோரம் நின்ற சரசு வாயைத் திறந்தாள்.

"எனக்கு முன்னயே தெரியுமுங்க அத்தை. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு, நான் முழிச்சுட்டே கெடப்பேன். சொன்னா, மாமனாரு ஊட்டுக்குத் திரும்பி வந்தது உனக்குப் பொறுக்கலையாக்கும்னு கேப்பாங்க."

தம்பி, பெற்றவளையே பேச விடாத மரியாதை உனக்கு எதற்கு?

குழந்தையைச் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் முதலில் சரசுவிடம்தான் கேட்டார். செல்வராசு பதில் சொல்ல வந்தபோது அவன் கையை அழுத்தினேன். தூக்கம், வேர்வை, திணறல், படுக்கை எல்லாவற்றையும் அவள் சொன்னாள். குறட்டை விடுகிற குழந்தைக்கெல்லாம் நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் இப்படி மூச்சு நின்று நின்று வந்தால் பார்க்கிறவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்றார் டாக்டர். தொண்டையின் இரு பக்கமும் சதை வீங்கியிருந்தது. மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. எடுத்துவிட வேண்டும் என்றார்.

வீட்டில் உன் மனைவி, நாத்தனார் என்றும் பாராமல், என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க நங்கை, கான்வென்ட்டுல படிச்சா மூச்சு உடறதுலயும் குத்தம் கண்டுபிடிப்பீங்களா? அதை அறுத்துப்போட்டா எங்கூட்டுக்காரரு எந்திரிச்சுப் போயிருவாருங்க."

"போகட்டும்" என்றேன். "இருப்பவள் இருக்க வேண்டும்."

போன மாதம் ஆபரேஷன் நடந்தது. தொண்டை வலியில் சில நாள் அழுதாள், ஐஸ்கிரீம் மட்டும் கேட்டாள். வலி ஆறியதும் ஒரு மத்தியானம் சத்தமே இல்லாமல் தூங்கினாள். வாய் மூடியிருந்தது. உன் மனைவி பயந்துபோய் ஓடிவந்து, தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிட்டாள்.

"தூங்க உடு ஆத்தா" என்று சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள் குழந்தை.

உன் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நீ மறுபடியும் செத்துவிட்டாயாம். நானும் கணவனை இழந்தவள்தான், அந்த அழுகை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் திணறலில் புருஷனைக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதையும் அவளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் "கீதா, சாப்பிட வா சாமி" என்று அவளே கூப்பிட்டாள். எனக்கு அது போதும்.

சரசு மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். பிறப்பது ஆணோ பெண்ணோ, அதன் மூக்கையோ முழியையோ குறட்டையையோ காட்டி யாரும் உன் பெயரைச் சொல்ல விடமாட்டேன். இது என் வாக்கு. நீ போனவன், தம்பி. போனவனாகவே இரு.

உன்னைத் தூக்கி வளர்த்த,
உன் மேல் கோபம் தீராத அக்கா