மணல் உள்ளவன்

வயோமிங்,
மே 6, 1893

அன்புள்ள அக்கா லவீனியாவுக்கு,

நலம். பண்ணையில் முரட்டுக் குதிரைகளைப் பழக்கும் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். நேற்று ஒரு செவலைக் குதிரை என்னைத் தூக்கி வேலிக் கம்பத்தில் அடித்தது. எழுந்து மறுபடியும் ஏறினேன். மேஸ்திரி பிரெவெட் எல்லார் முன்னாலும், "பாத்தீங்களாடா? இவன்கிட்ட மணல் இருக்கு!" என்றார்.

மணல் என்றால் இங்கே நெஞ்சுரம். எத்தனை அடிபட்டாலும் பின்வாங்காத குணம். டீச்சரம்மா, உன் அகராதியில் இந்த அர்த்தம் இருக்காது! இங்கே ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

தலை கொஞ்சம் வலிக்கிறது. தூங்கினால் சரியாகிவிடும்.

உன் தம்பி,
அமோஸ்

நெப்ராஸ்கா,
மே 17

அன்புத் தம்பி அமோஸ்,

ஈஸ்டருக்கு இரண்டு வரி எழுதக் கைவரவில்லை, மணலைப் பற்றி எழுத மட்டும் வந்துவிட்டது உனக்கு! போகட்டும். வைத்தியரிடம் தலையைக் காட்டினாயா? அந்தச் சொல்லைச் சொல்கிறவர் யார், குதிரையில் ஏறுகிறவன் யார் என்று ஒருநாளாவது யோசித்தாயா? பிரெவெட் கடைசியாக எப்போது ஏறினாராம்?

அம்மாவைப் புதைத்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான்.

லவீனியா

வயோமிங்,
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களோடு வேலை செய்த ஸ்வீடன்காரன் நில்ஸ் போய்விட்டான். செவலையில் ஏற மாட்டேன் என்று சொன்னான். அன்று ராத்திரியே பையன்கள் அவனுடைய பூட்ஸ் நிறைய மணலைக் கொட்டி, "உன்கிட்ட இல்லாதத நாங்களே போட்டிருக்கோம், எடுத்துட்டுப் போ" என்றார்கள். நானும் சிரித்தேன். அவன் யாரையும் பார்க்காமல் நடந்தே போனான்.

நான் இன்னும் இரண்டு முறை விழுந்தேன். சில நாள் வேலி இரண்டாகத் தெரிகிறது.

உனக்கு ஒரு புதுச் சொல் சொல்லவேண்டும். மணல் என்றால் இங்கே நெஞ்சுரம். எத்தனை அடிபட்டாலும் பின்வாங்காத குணம். டீச்சரம்மா, உன் அகராதியில் இருக்காது! சமையல்காரனிடம் சொன்னேன். "இதையே காலைலேர்ந்து மூணு தடவ சொல்லிட்டடா, போய்ப் படு" என்கிறான். எப்போதும் கிண்டல்தான் அவனுக்கு.

அமோஸ்

நெப்ராஸ்கா,
ஜூன் 12

அமோஸ்,

அந்தச் சொல்லை நீ முன்பே எழுதிவிட்டாய், கண்ணா. ஏறக்குறைய இதே வார்த்தைகளில். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் எழுத்து வரி தாண்டிச் சரிந்து போகிறது.

இனி எந்தக் குதிரையிலும் ஏறாதே. சமையல்காரன் உன்னைக் கிண்டல் செய்யவில்லை. அவனிடம் சொல்லி ரயிலேறி வந்துவிடு. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

லவீனியா

வயோமிங்,
ஜூன் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமா? இடுப்புவலி எப்படி இருக்கிறது? அக்காவிடம் எதையும் சொல்லாதே, பயந்துவிடுவாள். ஜூலை நாலாம் தேதித் திருவிழாவில் கறுப்புக் குதிரையில் நான் ஏறவேண்டுமாம். இதுவரை அதன்மேல் யாரும் தங்கியதில்லை. ஊரே பந்தயம் கட்டியிருக்கிறது. மேஸ்திரி தோளில் தட்டி, "மணல் இருக்கறவன் நீ ஒருத்தன்தான்டா. நீ ஏறலன்னா வேற எவன் ஏறுவான்?" என்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, அம்மா. நில்ஸ் போன பாதையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்னால் ஏறமாட்டேன். ஒரு வரி எழுது.

உன் மகன்,
அமோஸ்

நெப்ராஸ்கா,
ஜூலை 1

என் கண்ணே அமோஸ்,

இடுப்புவலி இப்போது இல்லை. கறுப்புக் குதிரையில் ஏறாதே. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று பிரெவெட்டிடம் சொல். சிரித்தால் சிரிக்கட்டும். திருவிழாவன்று சமையல்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

லவீனியாவை அனுப்புகிறேன். மழையில் வழியிலே பாலம் ஒன்று போய்விட்டது, ரயில் சுற்றித்தான் வருமாம். இந்தக் கடிதம் முந்துமோ அவள் முந்துவாளோ தெரியவில்லை. அவள் வந்து நிற்கும்போது யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மகனே. கையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்து வா.

அம்மா