தொண்ணூற்றிரண்டு மார்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

இந்தத் தீவில் வீடு வீடாகப் போய், கடல் ஏறினால் எந்த வீட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று நூற்றுக்கு மார்க்குப் போடுகிறேன். மார்க்கு கூடினால் ஆபத்தும் கூடுதல். நேற்று வலை பின்னும் ஓர் அக்காவின் வீட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தது.

"எங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன்.

"அடேயப்பா! எங்க வீடுதான் ஃபர்ஸ்ட்டு!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினார். நான் மார்க்கைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மனது கேட்காமல், சாயங்காலம் திரும்பிப் போய் அந்த மார்க்குக்கு அர்த்தம் சொன்னேன்.

"மூணு தடவை அடுப்பு வரைக்கும் தண்ணி வந்துச்சே, எனக்குத் தெரியாதா கண்ணு? நீ சிரிப்பேன்னுதான் கத்துனேன். உன் முகத்துல ஒண்ணுமே இல்லையே, உடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லை என்றேன். நிஜமாகவே உள்ளே ஒன்றும் இல்லை அம்மா. வேலை அலுப்புதான், கவலைப்படாதே.

கடிதம் கொண்டுபோகும் படகுக்காரர் கூப்பிடுகிறார். பதிலில் என்னை நாலு வார்த்தை திட்டி எழுது. நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. துவைத்துவிடாதே.

உன் மகள்