எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி

அன்புள்ள அம்மாவுக்கு பூங்கோதை எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன்.

அடையாறில் எங்கள் ஆய்வகத்துக்குப் போன வாரம் பட்டினப்பாக்கத்து மீனவர் குப்பனின் கால் புண்ணிலிருந்து சீழ் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இருக்கிற ஆன்டிபயாட்டிக்குகளை எல்லாம் வைத்துப் பார்த்தேன். கிருமி எதற்கும் சாகவில்லை. அவர் மனைவி ஜெசிந்தா வாசலில் காத்திருந்தார்.

"இன்னாம்மா, ஒரு மருந்துகூடவா கேக்கல?"

"இல்லக்கா."

"அப்ப காலை எட்துருவாங்களா?"

அறிக்கையை அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள்.

மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் அன்றைக்கே எச்சரித்தார். அதை அந்த அக்காவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு அழுகைகூட வரவில்லை. போய்ச் சாப்பிட்டேன். புது மருந்து தேட அந்தக் கிருமி வேண்டும் என்பதால், அதைத் தினமும் தீனி போட்டு நான்தான் வளர்க்கிறேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் அனுப்புங்கள். காய்ச்சல் என்று கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நான் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதீர்கள். பஸ் வருகிறது.

பூங்கோதை